பிளஸ் டூ பைத்தான்: ஐடிலா, தான்னியா, கோலாபா?

தமிழ்நாடு பாடத்திட்டத்தில் கணினி அறிவியலுக்கு பிளஸ் ஒன்னில் சி++, பிளஸ் டூவில் பைத்தான் என்று இரண்டு நிரல் மொழிகள். பள்ளி லேபில் யாராவது ஏற்கெனவே நிறுவி வைத்திருப்பார்கள். வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பில் தானே நிறுவ உட்காரும் மாணவருக்குத்தான், பைத்தான் எழுதி ஓட்ட எந்த மென்பொருளைப் போடுவது என்று குழப்பம். யூடியூபில் ஒருவர் அனகோண்டா போடு என்பார், இன்னொருவர் விஎஸ் கோட் என்பார். என் ஓட்டு தான்னி என்ற மென்பொருளுக்கு. ஏன் என்று மற்றவற்றோடு வைத்தே பார்த்துவிடலாம்.

பாடப்புத்தகம் காட்டுவது ஐடில் என்ற எடிட்டரை. பைத்தானின் அதிகாரபூர்வத் தளத்தில் இறக்கும் நிறுவியிலேயே அதுவும் சேர்ந்து வரும். இறக்குவது 30 எம்பிக்குள் முடிந்துவிடும். வம்பு முதல் திரையிலேயே இருக்கிறது. பைத்தானைப் பாத்தில், அதாவது நிரல்களை விண்டோஸ் தேடும் இடங்களின் பட்டியலில், சேர்க்கவா என்று கீழே ஒரு சின்னக் கட்டம், டிக் இல்லாமல் நிற்கும். அதைத் தாண்டிப் போனாலும் ஐடில் ஒழுங்காகவே திறக்கும். கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளைச் சன்னலில் பைத்தான் என்று அடிக்கும்போதுதான் விண்டோஸ் 10, 11 இரண்டும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து நீட்டும். இன்னும் நிறுவவில்லை போலிருக்கிறது என்று அங்கிருந்தும் ஒன்றை இறக்கினால் ஒரே கணினியில் இரண்டு பைத்தான். அப்புறம் எதில் என்ன நிறுவினோம் என்பதே தெரியாது.

இன்னொரு தொல்லை, ஐடில் திறந்ததும் வருவது ஷெல், அதாவது அடிக்கிற வரியை உடனே ஓட்டி விடை காட்டும் சன்னல். புதிதாகப் படிப்பவர் முழு நிரலையும் அதிலேயே அடித்துச் சேமிப்பார். பதிப்பு விவர வரியும் நடுநடுவே வந்த விடைகளும் அந்தக் கோப்புக்குள் போய்விடும். மறுநாள் ஓட்டினால் சிண்டாக்ஸ் எரர். புதுக் கோப்பு திறந்து எழுத வேண்டும் என்று ஒருவர் சொல்லித் தந்தால்தான் உண்டு.

தான்னி எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், புதிதாக நிரல் படிப்பவர்களுக்காகவே உருவானது. பைத்தானைத் தன்னுடனேயே கொண்டுவருவதால் அந்தக் கட்டத்துக்கு டிக் போடும் கதையே இல்லை. மேலே எடிட்டர், கீழே ஷெல். எங்கே எழுதுவது, எங்கே விடை வரும் என்று பார்த்தாலே தெரிகிறது. அடைப்புக்குறியை மூட மறந்தால் நிறம் மாற்றிக் காட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது, நிரலைப் படிப்படியாக ஓட்டிக் காட்டும் அதன் டீபக்கர். கண்ட்ரோலும் எஃப்5-ம் அழுத்திவிட்டு எஃப்7-ஐத் தட்டத் தட்ட, ஒரு கணக்கின் ஒவ்வொரு துண்டும் கண்ணெதிரே மதிப்பாக மாறும். கூட்டல், பெருக்கல் போன்ற செயற்குறிகளில் எது முதலில், எது பிறகு என்று மனப்பாடம் செய்வதை அங்கே நடக்கும்போதே பார்க்கலாம். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனாக ஃபேக்டோரியலை எழுதி ஓட்டினால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனிச் சன்னல் திறக்கும். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கும் ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம்.

பாடங்களை வைத்தும் உரசிப் பார்க்கலாம். தரவுத்தளப் பாடத்துக்கான எஸ்க்யூலைட் பைத்தானோடே வருகிறது, எங்கும் ஓடும். பை சார்ட், பார் சார்ட் வரையும் பாடத்துக்கு மேட்பிளாட்லிப் என்ற கூடுதல் பேக்கேஜ் தனியே வேண்டும். ஐடில்காரர் அதற்காகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போனதும் பழைய பாத் வம்பு திரும்ப வரும். தான்னியில் டூல்ஸ் மெனுவில் பேக்கேஜ் பகுதியைத் திறந்து, பெயரைத் தேடி நிறுவினால் போதும். சி++ நிரலைப் பைத்தானிலிருந்து ஓட்டும் பாடத்தில் மட்டும் தான்னியாலும் முழு உதவி இல்லை. சி++ கம்பைலரைத் தனியாகத்தான் போட வேண்டும்.

பைத்தானோடு பல பேக்கேஜ்களையும் சேர்த்துத் தரும் அனகோண்டாவில் மேட்பிளாட்லிப் உள்ளேயே இருக்கிறது. இறக்கவே ஏறத்தாழ 1 ஜிபி, நிறுவினால் பல ஜிபி. ஒரு பை சார்ட்டுக்கு இத்தனையா? விஎஸ் கோட் நல்ல எடிட்டர்தான், ஆனால் பைத்தானைத் தனியே போட்டு எக்ஸ்டென்ஷனும் சேர்க்க வேண்டும். காலேஜில் பார்த்துக்கொள்ளலாம்.

கணினியே இல்லாத வீட்டுக்கு, கூகுளின் இணையச் சேவையான கோலாப் பெரிய உதவி. கூகுள் கணக்கும் நெட்டும் இருந்தால் போன் பிரவுசரிலேயே பைத்தான் ஓடும், மேட்பிளாட்லிப்பும் தயார். ஆனால் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவுக் கோப்பு) பாடத்தில் நாம் எழுதிய கோப்பு, டிரைவில் வைக்காவிட்டால், செஷன் முடிந்ததும் காணாமல் போகும். நிரலை எழுதிய நோட்புக் என்ற பக்கம் மட்டும்தான் மிஞ்சும். இன்னொன்று கொஞ்சம் நயவஞ்சகம்: ஒரு வேரியபிளை உருவாக்கிய வரியை அழித்த பிறகும் அது நினைவகத்தில் உயிரோடு இருக்கும். அதனால் கோலாபில் ஓடுகிற நிரல், பிராக்டிகல் அன்று லேபில் நேம் எரர் காட்டும். ரன்டைமை ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

விண்டோஸ் 7 இன்னும் ஓடுகிற லேப்டாப் என்றால் பைத்தான் 3.9-ம் அதற்குப் பிந்தியவையும் அதில் ஏறாது, 3.8 தான் கடைசி. அதையே உள்ளே வைத்த ஒரு நிறுவியைத் தான்னி 4 தனியாகக் கொடுத்திருக்கிறது. பிளஸ் டூ பாடத்துக்கு 3.8 தாராளம்.