கூகுள் சர்ச் கன்சோலின் சைட்மேப் அறிக்கை: சுருக்கிய கோப்புகளை எவ்வளவு நம்பி ஒப்படைக்கலாம்?

தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குப் பட்டியலிட்டுத் தரும் கோப்புதான் சைட்மேப். சுருக்கிய சைட்மேப்பைக் கூகுள் படிக்குமா என்ற கேள்விக்குப் பதில் ஒரே வரிதான்: ஜிஜிப் (gzip) முறையில் சுருக்கியிருந்தால் படிக்கும். ஜிப், ரார், டார் பொட்டலங்களாகக் கொடுத்தால் படிக்காது. சைட்மேப் நெறிமுறை அனுமதிப்பது ஜிஜிப்பை மட்டுமே. கோப்பு நன்றாகப் படிக்கப்பட்டதா, படிக்கப்படாவிட்டால் ஏன் என்பதைத் தெரிந்துகொள்ள, தளம் நடத்துவோருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் கருவியின் சைட்மேப் அறிக்கை எந்த அளவுக்கு உதவுகிறது என்பதுதான் இங்கே பேச வேண்டியது.

முதலில் இரண்டு வகைச் சுருக்கத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, வழியில் நடப்பது. சர்வர் பக்கத்தை அனுப்பும்போது சுருக்கி, ‘கன்டென்ட் என்கோடிங்’ என்ற தலைப்பில் (பதிலோடு போகும் குறிப்பு வரியில்) அதைச் சொல்லிவிடும். கூகுளுக்காகப் பக்கங்களை எடுத்து வரும் நிரலான கூகுள்பாட் ஜிஜிப், டிஃப்ளேட், ப்ராட்லி என்ற மூன்று சுருக்க முறைகளையும் ஏற்கிறது. பக்கம், ஸ்டைல் கோப்பு, ஸ்கிரிப்ட் எதுவானாலும் இதனால் இண்டெக்ஸுக்கு, அதாவது தேடுபொறியின் பக்கப் பதிவேட்டுக்கு, கேடில்லை. இன்னொன்று, கோப்பையே சுருக்கி ஜிஇஸட் (.gz) என்ற பின்னொட்டோடு வட்டில் வைப்பது. சைட்மேப்புக்கு இதுவும் செல்லும். ஆனால் சாதாரண எச்டிஎம்எல் பக்கத்தை இப்படிச் சுருக்கி, அந்தத் தலைப்பு இல்லாமல் அனுப்பினால் தேடுபொறிக்குப் போய்ச் சேர்வது வெறும் பைனரிக் குப்பை. அமேசான் எஸ்3 போன்ற சேமிப்பகத்தில் சுருக்கிய கோப்பை ஏற்றுகிறவர்கள், அந்தத் தலைப்பை மெட்டாடேட்டாவில் தாங்களே போட வேண்டும்.

அறிக்கையின் பலம், அது காட்டும் ‘கண்டறிந்த பக்கங்கள்’ எண்ணிக்கை. கோப்பிலுள்ள முகவரிகளின் எண்ணிக்கையும் இதுவும் ஒத்துப்போனால் சுருக்கம் சரியாக அவிழ்ந்திருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்லலாம். கடைசியாகப் படித்த தேதியும் பக்கத்திலேயே இருக்கும். கோப்பு பழுதாக இருந்தால் ‘கம்ப்ரெஷன் எர்ரர்’ என்றும், அவிழ்த்தபின் அளவு மீறினால் அதைத் தனியாகவும் சொல்லும். இந்த இரண்டும் தெளிவானவை.

பலவீனம் ‘குடன்ட் ஃபெட்ச்’ (எடுக்க முடியவில்லை) என்ற செய்தி. முகவரி தவறு, சர்வர் படுத்துவிட்டது, தேடுபொறி எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt) தடுத்தது, ஃபயர்வால் விரட்டியது என எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். புதிதாகச் சமர்ப்பித்த கோப்புக்கு, கூகுள் அதை இன்னும் எடுத்துப் படிக்காத நிலையிலும் இது தெரிவதுண்டு. இந்தச் சொல்லை மட்டும் நம்பி சர்வர் அமைப்பைக் கிளறக் கூடாது. சைட்மேப்பின் முகவரியை அதே கன்சோலில் உள்ள யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் பெட்டியில் போட்டு நேரடிச் சோதனை செய்தால், பெறுவதில் தடை இருக்கிறதா என்பது உடனே தெரியும். ‘சைட்மேப் எச்டிஎம்எல் ஆக உள்ளது’ என்று வந்தால், பெரும்பாலும் ஃபயர்வாலின் சரிபார்ப்புப் பக்கமோ ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பக்கமோதான், ‘சரி’ என்று பொருள்படும் 200 என்ற நிலைக் குறியீட்டோடு போயிருக்கும்.

மற்றதையெல்லாம் நம் பக்கத்தில்தான் சோதிக்க வேண்டும். கர்ல் (curl) கட்டளையால் கோப்பை இறக்கும்போது ‘அக்செப்ட் என்கோடிங்’ தலைப்பில் ஜிஜிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். அதைக் கேட்காமல் இறக்கினால் சர்வர் வேறு விதமாக நடந்துகொள்ளலாம். கூகுள்பாட்டுக்குப் போவது எது என்று தெரியாது. ஜிஜிப் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகள் 31, 139 ஆக இருக்கும். அவிழ்த்தபின் எக்ஸ்எம்எல் வராமல் மறுபடியும் அதே இரண்டு பைட்டுகள் வந்தால் இரண்டு அடுக்குச் சுருக்கம் இருக்கிறது. அப்பாச்சி சர்வரில் டிஃப்ளேட் மாட்யூல் ஏற்கெனவே சுருக்கிய கோப்பை மறுபடி சுருக்காதபடி ஜிஇஸட் பின்னொட்டுக்கு விலக்குப் போட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு: நடுவிலிருக்கும் ப்ராக்ஸி உள்ளடக்கத்தை அவிழ்த்துவிட்டு, ஜிஜிப் என்று சொல்லும் தலைப்பை மட்டும் அப்படியே விட்டுவிடும். கேட்பவர் அவிழ்க்கப் பார்த்துத் தோற்றுப்போவார்.

பிடிபடாமல் நழுவுவது பாதிக் கோப்புதான். ஜிஜிப் கோப்பின் கடைசி 8 பைட்டில்தான் சரிபார்ப்பு எண்ணும் அளவும் இருக்கின்றன. இரவில் ஓடும் ஸ்கிரிப்ட் பழைய கோப்பின் மீதே எழுதிக்கொண்டிருக்கும்போது கூகுள்பாட் வந்து எடுத்தால் வால் இல்லாத கோப்பு போகும். காலையில் நாம் பார்க்கும்போது கோப்பு ஒழுங்காக இருக்கும், அறிக்கையில் மட்டும் பிழை நிற்கும். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, அதன் பிறகு சரியான பெயருக்கு மாற்றினால் இது வரவே வராது.

அளவு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரி, 50 எம்பி என்பது உச்சம். அந்த 50 எம்பி சுருக்குவதற்கு முந்தைய அளவு. 4 எம்பி ஆகச் சுருங்கிவிட்டது என்று மகிழ்ந்து பயனில்லை. கணக்குப் போட்டால் ஒரு முகவரிப் பதிவுக்குச் சுமார் 1,048 பைட்தான் கிடைக்கும். ஆங்கில முகவரிக்கு இது தாராளம். தமிழ் முகவரிக்கு அப்படியில்லை: யூனிகோடின் ஒரு தமிழ்க் குறி 3 பைட், அதைப் பெர்சென்ட் குறியீட்டில் (ஒவ்வொரு பைட்டையும் % குறியோடு) எழுதினால் 9 எழுத்து. ‘தமிழ்’ என்ற சொல்லுக்கே 45 எழுத்து செலவாகும். சிங்களத்துக்கும் இதே கணக்குதான். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியில் நடக்கும் இலங்கைத் தளம் ஒவ்வொரு பதிவிலும் மூன்று மொழி இணைப்புகளையும் சேர்த்தால், 50,000-ஐ எட்டும் முன்பே 50 எம்பி தீர்ந்துவிடலாம்.

அதற்குத் தீர்வு பிரித்து வைப்பதுதான், கூடுதலாகச் சுருக்குவது அல்ல. செய்தி, கட்டுரை, பொருள் பக்கம் என்று பிரிவுவாரியாகச் சிறு சைட்மேப்புகளாக்கி, அவற்றைப் பட்டியலிடும் ஒரு இண்டெக்ஸ் கோப்பில் கட்டி, அந்த இண்டெக்ஸை மட்டும் சமர்ப்பித்தால் போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு: பக்க இண்டெக்ஸிங் அறிக்கையைச் சைட்மேப்வாரியாக வடிகட்டலாம். அந்த அறிக்கை ஒரு காரணத்துக்கு 1,000 முகவரிகளைத்தான் எடுத்துக்காட்டும். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டியிருந்தால் எந்தப் பிரிவு விடுபடுகிறது என்பது கண்ணில் படாது. சர்ச் கன்சோலில் மிகவும் மதிக்கத் தக்க வசதி என்று இதைத்தான் சொல்வோம். பயன்படுத்துவோர் குறைவு என்பது வருத்தமே.

வேர்ட்பிரஸ் தளங்களுக்குக் கோப்பைச் சுருக்கும் வேலையே வேண்டாம். 5.5 பதிப்பிலிருந்து அதுவே சைட்மேப் தருகிறது, ஒரு கோப்புக்கு 2,000 முகவரி வீதம். சர்வர் வழியில் சுருக்கி அனுப்பினாலே அதே மிச்சம் கிடைக்கும். என்ஜின்எக்ஸ் சர்வரைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஜிஜிப்பை இயக்கினாலும் இயல்பாக எச்டிஎம்எல்லை மட்டுமே அது சுருக்கும். எக்ஸ்எம்எல் வகையை நாமே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

சைட்மேப்பில் வரும் பிரயாரிட்டி (முக்கியத்துவம்), சேஞ்ச்ஃப்ரீக் (மாறும் வேகம்) குறிகளைக் கூகுள் கண்டுகொள்வதில்லை. அவற்றை நீக்கினால் கோப்பு தானாகவே மெலியும். கடைசியாக மாறிய தேதியை மட்டும் உண்மையாக வையுங்கள். தினமும் எல்லாப் பக்கத்துக்கும் இன்றைய தேதி போட்டால் அதை நம்புவதையும் கூகுள் விட்டுவிடும். சைட்மேப் மாறியதைத் தெரிவிக்கும் பழைய பிங் (ping) முகவரியைக் கூகுள் 2023-இல் கைவிட்டுவிட்டதால், அதைக் கூப்பிடும் ஸ்கிரிப்ட் வரிகளையும் எடுத்துவிடலாம். ரோபோட்ஸ் கோப்பில் சைட்மேப் வரி இருந்தால் மைக்ரோசாஃப்டின் பிங் (Bing) உள்ளிட்ட மற்றத் தேடுபொறிகளும் அதைக் கண்டுகொள்ளும். ஆனால் பேக்கப் கோப்புகளை மறைக்க நினைத்து, ஜிஇஸட் என்று முடியும் எல்லாவற்றையும் அதே கோப்பில் தடுத்திருக்கிறீர்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.