நாகர்கோவிலில் பப்புவுக்குப் பல் வைத்தியம்

விடுமுறைக்கு வருகிற வளைகுடாக்காரர்களின் வேலைப் பட்டியலில் பல் டாக்டர் எப்போதும் இருப்பார். அங்கே ஒரு பல்லுக்குக் கேட்கிற காசில் இங்கே வாய் முழுக்கப் பார்த்துவிடலாம். இந்தத் தடவை நாகர்கோவிலில் நான் அலைந்தது அம்மாவின் நாய்க்காக.

பப்புவுக்கு ஒன்பது வயது, எடை ஆறு கிலோ சொச்சம். வெள்ளை ரோமம், கூர்மூக்கு. பொமரேனியன் என்போம், நம் பக்கத்தில் அந்தப் பெயரில் திரிபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். அது பக்கத்தில் வந்து மூச்சு விட்டால் உட்கார முடியவில்லை. சொன்னால் அம்மா, “நாய்க்க வாய் நாறாம, தோவாளைப் பிச்சிப்பூவா மணக்கும் மக்ளே?” என்கிறார். கூடவே ஓயாத தும்மல், ஒற்றை மூக்கில் மட்டும் நீர். சளி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

முதலில் விசாரித்தது முடி வெட்டிக் குளிப்பாட்டுகிற ஒரு கடையில். மயக்க மருந்தே வேண்டாம், அரை மணி நேரத்தில் பல்லை வெள்ளையாக்கித் தருகிறோம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நோய் இருப்பது ஈறுக்குக் கீழே. முழித்திருக்கிற நாய் அங்கே கம்பியை விட விடாது. பல்லில் கல்லாக இறுகி வெளியே தெரிகிற காரையை மட்டும் சுரண்டினால் பல் பளபளக்கும், உள்ளே எலும்பு கரைவது கரைந்துகொண்டே இருக்கும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் ஆடு, மாடு, கோழி வரிசைக்கு நடுவே டாக்டர் பொறுமையாக வாயைத் திறந்து பார்த்தார். பல் சுத்தம் செய்கிற கருவி இங்கே இல்லை என்று நேராகச் சொல்லி, டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போகச் சொன்னார். சுற்றி வளைக்காத அந்தப் பதில் பெரிய உதவி.

கிளினிக் டாக்டரம்மா தும்மலைக் கேட்டதுமே மேல் கோரைப் பல்லைத்தான் பார்த்தார். அதன் வேருக்கும் மூக்குக் குழிக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புத் தகடு. ஈறு நோய் முற்றி அது அரித்துப் போனால் வாய்க்கும் மூக்குக்கும் ஓட்டை விழுந்துவிடும். அப்புறம் சளி மாத்திரை என்ன செய்யும்? சின்ன நாய்களுக்கு ஏன் இவ்வளவு மோசமாகிறது என்றும் விளக்கினார். பெரிய நாய்க்கும் 42 பல், பப்புவுக்கும் 42 பல். சின்னத் தாடையில் அத்தனையும் நெருக்கியடித்துக்கொண்டு முளைப்பதால் இடுக்கெல்லாம் அழுக்கு சேர்கிறது. ஆறேழு மாதத்தில் விழ வேண்டிய பால் பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நிற்பதும் இவற்றில் சகஜம். தாடை எலும்பும் மெலிசு. ரொம்ப முற்றினால், பல்லைப் பிடுங்கும்போதே தாடை முறிந்த நாய்களும் உண்டாம்.

முதலில் ரத்தப் பரிசோதனை: சிறுநீரகம், ஈரல் இரண்டும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று பார்க்க. வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு கோளாறு சாதாரணம் என்பதால் நெஞ்சையும் நிதானமாகக் கேட்டார். முந்தின ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பட்டினி. மயங்கியதும் மூச்சுக்குழாயில் டியூப் போட்டார்கள். கருவி பீய்ச்சுகிற தண்ணீரும் உடைகிற காரையும் நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது. சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்று வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்தார்கள். ஈறுக்கு மேலும் கீழும் சுத்தம் செய்து, ஆடிய முன்பற்களையும் அந்தக் கோரைப் பல்லையும் எடுத்து, ஓட்டையை ஈறுத் தசையால் மூடித் தையல் போட்டு, மிச்சப் பல்லுக்குப் பாலிஷ். சுரண்டிய இடம் சொரசொரப்பாகவே இருந்தால் அழுக்கு இன்னும் வேகமாக ஒட்டுமாம்.

ஒரு குறை. பல்லுக்கென்று தனி எக்ஸ்ரே அங்கே இல்லை. வேரின் நிலையைக் கம்பியால் ஆழம் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். டாக்டரம்மா இதை முதலிலேயே சொல்லி, வேண்டுமானால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன் என்றார். ஒன்பது வயது நாயைக் காரில் அவ்வளவு தூரம் இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை. செலவு நான்கு இலக்கத்துக்குள் முடிந்தது.

சாயங்காலமே பப்பு வாலாட்டியது. தையல் ஆறும்வரை குழைந்த கஞ்சி, முள் நீக்கிய மீன். எலும்பு இனி கிடையாது. எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்பது ஊர் நம்பிக்கை, ஆனால் கெட்டி எலும்பு கடைவாய்ப் பல்லைப் பிளந்துவிடும். நம் டூத்பேஸ்டும் கூடாது. நாய் துப்பாது, விழுங்கும். சில பேஸ்டில் இருக்கிற சைலிட்டால் நாய்க்கு விஷம். நாய்க்கான பேஸ்ட் இல்லாவிட்டால் விரலில் ஈரத்துணி சுற்றித் தேய்த்தால் போதும், ஆனால் தினமும். பல்லில் படிகிற அழுக்கு இரண்டு மூன்று நாளில் கல்லாக இறுகிவிடும், அப்புறம் துணிக்கு அசையாது.

நாயை வீட்டில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே கிளினிக்குக்கு போன் போட்டுத் தேதி வாங்கிவிடுங்கள். ரத்த ரிசல்ட் வரவேண்டும், தையலைத் திரும்பக் காட்டவேண்டும். ஊரில் இருக்கும்போதே, துணி சுற்றித் தேய்க்க வீட்டில் ஒருவரைப் பழக்கவும் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை அப்பா தலையில் விழுந்திருக்கிறது.