ஓவியத்தின் அடிவரைவைப் படமெடுக்க எந்தக் கேமரா?

வண்ணப் பூச்சுக்கு அடியில் ஓவியர் முதலில் வரைந்த கோடுகளை, அதாவது அடிவரைவை, காண்பதற்காக ஓவியங்களை அகச்சிவப்பு ஒளியில் படமெடுக்கக் கேமரா தேடுபவர்களில் பலர் மெகாபிக்சல் எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. டிஜிட்டல் கேமராவின் சிலிக்கான் சென்சார் ஏறத்தாழ 1000 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான ஒளியை உணரக்கூடியது. ஆனால் சாதாரணப் படங்களில் நிறம் கெடாமல் இருப்பதற்காக, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைச் சென்சாருக்கு முன்னால் பொருத்தியே விற்கிறார்கள். அந்தக் கண்ணாடியை நீக்க முடியுமா, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும் கருப்பு ஃபில்டரை லென்ஸின் மேல் மாட்டிய பிறகும் சரியாக ஃபோகஸ் செய்ய முடியுமா என்ற இரண்டும் தெளிவான பிறகு மற்றவற்றைப் பார்க்கலாம்.

குறைந்த செலவில் தொடங்க விரும்புபவர்களுக்குச் சோனி எஃப்717, எஃப்828 ஆகிய பழைய கேமராக்களை இன்றும் சிலர் பரிந்துரைக்கிறார்கள். இருளில் படமெடுக்க உதவும் நைட்ஷாட் பொத்தானைத் தள்ளியதும் தடுப்புக் கண்ணாடி விலகிக்கொள்ளும் வசதி அவற்றில் உண்டு. ஆனால் அந்த நிலையில் லென்ஸ் துவாரம் முழுதும் திறந்தே இருக்கும். எக்ஸ்போஷர் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. ஒரே அளவில் பல பகுதிகளை எடுத்து ஒன்றாக இணைக்க வேண்டிய ஓவிய ஆய்வுக்கு இது பெருங்குறை. ஃபூஜிஃபிலிம் இத்தகைய பணிக்கென்றே 2007இல் வெளியிட்ட ஐஎஸ் ப்ரோ நல்ல கருவிதான். நல்ல நிலையில் கிடைப்பதுதான் அரிது.

சிக்மா எஸ்டி குவாட்ரோவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2016இல் வந்த இந்தக் கேமராவில் தடுப்புக் கண்ணாடி லென்ஸ் மவுண்டுக்குச் சற்று உள்ளே இருப்பதால், பழுதுபார்ப்பவரிடம் போகாமல் நாமே கழற்றலாம், திரும்பவும் பொருத்தலாம். கேமராவை ஸ்டாண்டிலிருந்து இறக்காமலே வண்ணப் படத்தையும் அகச்சிவப்புப் படத்தையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட முடிவது இதன் பெரிய பலம். மிரர்லெஸ் என்பதால் சென்சார் காண்பதையே பார்த்து ஃபோகஸ் செய்யலாம். எனினும் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) உயர்த்தினால் படத்தில் புள்ளிகள் மிகுந்துவிடும். தடுப்புக் கண்ணாடி இல்லாத நேரத்தில் தூசி நேராகச் சென்சாரில் போய் அமரும்.

என் தேர்வு, சென்சார் காண்பதைத் திரையில் காட்டும் லைவ் வியூ உள்ள பழைய கேனான் அல்லது நிக்கான் டிஎஸ்எல்ஆர் ஒன்றை வாங்கி, தடுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தெளிந்த கண்ணாடி பொருத்தச் செய்வதுதான். உள்ளேயே 720 நானோமீட்டர் ஃபில்டரை (ஏறத்தாழ அந்த அலைநீளத்திற்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடுவது) பொருத்தித் தருவதாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். ஃபில்டர் லென்ஸின் முன்னால் இருந்தால்தான் தேவைக்கேற்ப மாற்ற முடியும். வானியலுக்கென வந்த கேனான் 20டிஏ, 60டிஏ ஆகியவற்றை இதற்கென்று வாங்கிவிடவும் வேண்டாம். அவை 656 நானோமீட்டர் செவ்வொளியைக் கூடுதலாக அனுமதிக்கின்றனவே தவிர, அகச்சிவப்பைத் தடுக்கவே செய்கின்றன.

ஃபில்டரில் 720ஐ விட 830 நானோமீட்டர் வகையே ஓவியத்திற்கு ஏற்றது. மரப்பலகையில் வெள்ளைச் சுண்ணப் பூச்சிட்டு வரைந்த ஓவியத்தை அதன் வழியே பார்க்கும்போது, செந்நிற அங்கியின் மடிப்புகள் வெளிறிப்போய், அவற்றுக்கடியில் ஓவியர் கரியால் இழுத்த கோடுகளும், ஒரு விரலை முதலில் வேறிடத்தில் வரைந்து பின்னர் நகர்த்திய தடமும் கருமையாக எழுந்து வரும். அந்தக் கணத்திற்காக எவ்வளவு சிரமமும் படலாம் என்பது என் எண்ணம். அடிவரைவு இரும்பு மையிலோ சிவப்புச் சுண்ணக்கட்டியிலோ இருந்தால் மட்டும் அதுவும் சேர்ந்து மறைந்துவிடும்.

லென்ஸ் வாங்கும்முன் வெள்ளைத் தாளை ஒவ்வொரு துவார அளவிலும் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குக் குறையே தெரியாத லென்ஸ்கள் சில, அகச்சிவப்பில் படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்றை விழச்செய்யும். துவாரத்தைச் சுருக்கச் சுருக்க அது தெளிவாகும். வெள்ளை எல்இடி விளக்கில் அகச்சிவப்பு ஏறக்குறைய இல்லையென்பதால் ஹாலோஜன் விளக்கே வேண்டும். ஆனால் அதன் சூடு ஓவியத்திற்கு ஆகாது. தள்ளி வைத்து, படமெடுக்கும் நேரத்தில் மட்டும் எரியவிட வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் சிலிக்கானின் எல்லை மாறாது. அசுரைட் நீலமும் மாலகைட் பச்சையும் தடித்துப் பூசப்பட்ட இடங்களில் இந்தக் கேமராக்கள் அடியில் உள்ளதைக் காட்டுவதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் வான் ஆஸ்பெரன் தெ போர் 1960களின் பிற்பகுதியில் இன்னும் நீண்ட அலைகளைத் தேடிப் போனது இத்தகைய இடங்களுக்காகத்தான். இன்று அருங்காட்சியகங்களில் அந்தப் பணியைச் செய்யும் ஒசிரிஸ் போன்ற கேமராக்கள் இண்டியம் காலியம் ஆர்சனைடு சென்சாரைக் கொண்டு 900 முதல் 1700 நானோமீட்டர் வரை பதிகின்றன. அவற்றின் விலை தனிநபருக்கு எட்டாதது. நீங்கள் ஆராயும் ஓவியத்தில் நீலமும் பச்சையுமே மிகுதி என்றால், கேமரா வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு அத்தகைய கருவி உள்ள ஆய்வகம் ஒன்றை அணுகுவதே நல்லது.