தாம்பரம் பக்கம் செப்டிக் டேங்க் லாரி: 5க்கு 4 குடுக்கலாம்

எங்க தெருவுக்கு பாதாள சாக்கடை இன்னும் வரல, அதனால ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ லாரி கூப்பிட்டே ஆகணும். இந்த தடவ செப்டிக் டேங்க் சுத்தம் பண்றதுக்கான ஹெல்ப்லைன் 14420க்கு போன் போட்டு புக் பண்ணேன், லைசென்ஸ் உள்ள பிரைவேட் வண்டி வந்துச்சு. 6000 லிட்டர், லோடு 2000 ரூபா. கேட்ல ஸ்டிக்கர் ஒட்டிட்டு போற ஆளுங்க 1500க்கே வர்றாங்களே, எதுக்கு 500 எக்ஸ்ட்ரான்னு வீட்ல ஒரே பேச்சு.

டிரைவர்கிட்ட லைசென்ஸ் கேட்டேன், மூஞ்ச சுளிக்காம எடுத்து காமிச்சாரு, வண்டில ஜிபிஎஸ்ஸும் இருந்துச்சு. அது எதுக்குன்னா, உறிஞ்சுனத சுத்திகரிப்பு நிலையத்துக்குதான் கொண்டு போகணும், லைசென்ஸ் இல்லாதவன் ராத்திரியோட ராத்திரியா ஏரியிலயோ மழைநீர் கால்வாயிலயோ தொறந்து விட்டுட்டு போயிருவான், அப்புறம் நம்ம போர் தண்ணியத்தான் மோந்து பாக்கணும்.

டேங்க் அடியில மண்டி கெட்டியா நின்னுச்சு. பக்கத்து வீட்டு மாமா "ஒரு பையன எறக்கி வழிக்க சொல்லுப்பா, தனியா 500 குடுத்துரலாம்"னாரு. டிரைவர் "எவ்ளோ குடுத்தாலும் ஆள எறக்க மாட்டோம் சார்"னு சொல்லிட்டு தண்ணிய பீச்சி அடிச்சு கலக்கி மறுபடி ஓஸ போட்டாரு, நேரம் ஆச்சு, ஆனா வந்துருச்சு. எனக்கு இந்த ஒண்ணுக்கே 2000 தகும். மனுஷங்கள வச்சு மலம் அள்ளுறத தடை பண்ற 2013 சட்டப்படி பாதுகாப்பு இல்லாம ஆள எறக்குனா முத தடவைக்கே 2 வருஷம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா 2 லட்சம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேந்தும் வரலாம், லாரிக்காரன்தான மாட்டுவான்னு ஓனருங்க ஒதுங்கவும் முடியாது, வேலைக்கு எறக்குனது யாரா இருந்தாலும் கேஸ்தான். உள்ள இருக்குற ஹைட்ரஜன் சல்பைடு அதிகமாச்சுன்னா மூக்கு மரத்துரும், நாத்தமே தெரியாது, அப்படியே சுருண்டு விழுறதுதான். செத்தா குடும்பத்துக்கு குடுக்குற நஷ்டஈட்ட 10 லட்சத்துலருந்து 30 லட்சமா சுப்ரீம் கோர்ட் 2023ல ஏத்துச்சு. மாமாகிட்ட சொன்னா "அந்த காலத்துல எறங்கலயா"ங்குறாரு. எறங்குனாங்க மாமா, எத்தன பேர் ஏறி வரலன்னு உங்களுக்கே தெரியும்.

கொஞ்சூண்டு மண்டி அடியில விட்டுட்டு போனாங்க, அதுக்கு சண்ட போடாதீங்க, கழிவ மக்க வைக்கிற பாக்டீரியா அதுலதான் இருக்கு. முடிஞ்ச கையோட ஆசிட், பினாயில்னு ஊத்திறாதீங்க.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, காலைல வர்றேன்னுட்டு சாயங்காலம்தான் வந்தாங்க, போன் எடுக்கவே இல்ல. ரசீதும் கேட்டாதான் வருது. போர்ட்டிகோ டைல்ஸ் மேல ஓஸ இழுத்துட்டு போறாங்க, முன்னாடியே பழைய சாக்கு விரிச்சு வைங்க, சந்து வீடுன்னா ஓஸ் எவ்ளோ நீளம்னு புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.