மல்டிமீட்டரை முதலில் எடுக்கிற மெக்கானிக்குகள்: எங்கள் கேம் மெஷின் சர்வீஸ் பற்றி

எங்கள் கேம் கூடத்தில் இப்போது மெஷின்களைப் பார்த்துக்கொள்வது இரண்டே பேர் கொண்ட ஒரு சின்ன சர்வீஸ் குழு. ஐம்பதைத் தாண்டிய ஒரு மெக்கானிக், அவரிடம் தொழில் கற்றுக்கொண்டு இப்போது போர்டு வேலையைத் தனியாகவே செய்கிற ஒரு இளம்பெண். வருட ஒப்பந்தத்தில் வருகிறார்கள். வேலை சுத்தம், பேச்சு நிதானம், வேகம் மட்டும் கொஞ்சம் குறைவு. நின்று விளையாடுகிற பழைய ஆர்கேட் மெஷின்கள் வைத்திருப்பவர்கள் யார் கேட்டாலும் தயங்காமல் இவர்களைக் கைகாட்டுவேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 'ஓடுதா, ஓடலையா' என்பதோடு சர்வீஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

இவர்களுக்கு முன் வந்துகொண்டிருந்தவர்கள் அப்படித்தான். கூப்பிட்டால் உடனே வருவார்கள், மெஷின் ஓட ஆரம்பித்துவிடும், போய்விடுவார்கள். உள்ளே என்ன செய்துவிட்டுப் போனார்கள் என்பது புது ஆட்கள் பின்கதவைத் திறந்த அன்றுதான் தெரிந்தது. ஒரு மெஷினில் ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் கதவைத் திறந்தால் கரண்டைத் துண்டிக்கிற இன்டர்லாக் சுவிட்சை டேப் போட்டு நிரந்தரமாக அழுத்தி விட்டிருந்தார்கள். கார் ரேஸ் மெஷினில் காசுக்கதவுக்குப் போகிற பச்சை எர்த் வயர் பாதியில் வெட்டப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காசுக்கதவு முழுக்க இரும்பு. பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் வியர்த்த கையோடு அதைத் தொட்டுக்கொண்டுதான் காசு போடுவார்கள். உள்ளே ஒரு லைன் வயர் நழுவி அந்த இரும்பில் பட்டிருந்தால், ஃப்யூஸும் போகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது, முதலில் தொடுகிற பிள்ளைக்குத்தான் தெரியும். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

புது மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுத்தார். ஒவ்வொரு மெஷினின் ப்ளக்கையும் கழற்றி, ப்ளக்கின் எர்த் பின்னில் ஒரு முனை, மெஷினில் கை படுகிற உலோகத்தில் மறுமுனை. காசுக்கதவு, கண்ட்ரோல் பேனலின் தகடு, ஸ்டீயரிங் தண்டு, பூட்டு, ஒன்றையும் விடவில்லை. மீட்டர் மின்தடையை ஒரு ஓமுக்கு நன்றாகக் கீழே காட்டினால்தான் அடுத்ததுக்கு நகர்ந்தார். பிறகு சுவர்ப் பக்கம் போய், கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்தார். கேளிக்கை மெஷின்களுக்கென்றே ஐ.இ.சி. 60335-2-82 என்று ஒரு சர்வதேசப் பாதுகாப்புத் தரம் இருப்பதை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். "சார், வாஷிங் மெஷினை வீட்டுல நாலு பேர் தொடுவாங்க. இதை ஒரு நாளைக்கு எத்தனை பேர் தொடுறாங்கன்னு பாருங்க" என்றார்.

இந்த சர்வீஸில் நான் பக்கத்திலேயே நின்று பார்த்த வேலை பிக்சர் டியூப் மானிட்டரைக் கழற்றியது. பழைய மெஷின்களில் 25 இன்ச் கலர் டியூப். ஓடும்போது அதன் ஆனோடில், அதாவது பின்பக்கம் ரப்பர் மூடி போட்டு ஒட்டியிருக்கிற இடத்தில், 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கண்ணாடி சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும் என்பதுதான் ஆபத்து. டியூபே ஒரு பெரிய கெபாசிட்டர் மாதிரி வேலை செய்கிறது.

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். ப்ளக்கைப் பிடுங்கி, அதைத் தன் கண்ணில் படுகிற மாதிரி மெஷினின் தலையிலேயே வைத்தார். கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றினார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார். டியூபின் பின்பக்கக் கருப்புப் பூச்சின் மேல் இறுக்கமாக ஓடுகிற பின்னல் கம்பி ஒன்று உண்டு. முதலைக் கிளிப் வைத்த வயரின் ஒரு முனையை அதில் மாட்டினார். மறுமுனை, நீளமான தட்டை ஸ்க்ரூ டிரைவரின் இரும்புத் தண்டில். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் பிளாஸ்டிக் பிடியின் கடைசியைப் பிடித்து, ரப்பர் மூடிக்கு அடியில் மெதுவாக நுழைத்தார். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஆனால் அவர் உடனே மூடியைக் கழற்றவில்லை. சில நிமிடம் காத்திருந்து மறுபடியும் அதையே செய்தார். ஒரு முறை இறக்கிய பிறகும் கண்ணாடியில் மிச்சம் கொஞ்சம் மெல்ல ஊறி வரும் என்றார். சத்தமே வராத மானிட்டர்களும் உண்டு, டியூபுக்கு உயர் வோல்டேஜ் தருகிற ஈ.எச்.டி. ட்ரான்ஸ்ஃபார்மர்கள் சிலவற்றுக்குள்ளேயே சார்ஜை வடிக்கிற ரெசிஸ்டர் இருக்கும், சத்தம் வரவில்லை என்பதற்காக வேலையைப் பாதியில் விட்டுவிடக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துச் சொன்னார். கிளிப்பைப் பின்னல் கம்பியில் மாட்டாமல் மானிட்டர் போர்டில் எங்காவது மாட்டினால் அந்தச் சார்ஜ் பாய்ந்து போர்டில் இருக்கிற பாகங்கள் செத்துவிடுமாம். டியூபைத் தூக்கும்போது கழுத்தில் கை வைக்கவே இல்லை. உள்ளே வெற்றிடம், கழுத்து மெல்லிய கண்ணாடி.

இன்னொரு விஷயம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. போர்டுகளைத் தொடும்போது நிலைமின்சாரம் தாக்காமல் இருக்கக் கையில் ஒரு பட்டை கட்டி எர்த்தோடு இணைத்துக்கொள்வார்கள். அந்தப் பெண் மேசையில் போர்டு வேலை செய்யும்போது கட்டிக்கொண்டார். மானிட்டர் பக்கம் வந்ததும் கழற்றிவிட்டார். ஓடுகிற மானிட்டர் முன்னால் உடம்பை எர்த்தோடு கட்டிக்கொண்டு நிற்பது, கரண்டுக்கு நாமே வழி விடுவது. ஒரே பட்டை ஓரிடத்தில் பாதுகாப்பு, இன்னோரிடத்தில் எமன். இதைச் சொல்லிக் கொடுத்துத்தான் மெக்கானிக் அந்தப் பெண்ணை வேலையில் இறக்கியிருக்கிறார்.

மானிட்டரைக் கழற்றிய அந்த மெஷினில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மரையே காணோம் என்பதும் அன்றைக்குத்தான் வெளிவந்தது. பழைய ஆர்கேட் மானிட்டர்கள் பலவற்றில் சர்க்யூட்டின் கிரவுண்டு மெயின்ஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். அதனால்தான் மெஷினுக்குள் தனியாக ஒரு ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்து மெயின்ஸிலிருந்து பிரிப்பார்கள். முன்பு மானிட்டர் மாற்றியவர்கள் அதைக் கழற்றிவிட்டு நேராக 230 வோல்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். கேம் போர்டு எரிந்து போகவும், மானிட்டர் ஃப்ரேமைத் தொட்டவர் கீழே விழவும் இதுவே போதும். இவர்கள் சரியான ட்ரான்ஸ்ஃபார்மர் வரும்வரை அந்த மெஷினை இயக்கவே விடவில்லை. வார விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் வந்து கேட்கிற மெஷின் அது. அப்படியும் விடவில்லை. சரி என்று ஒத்துக்கொண்டேன்.

அடுத்து 5 வோல்ட் கதை. ஒரு சண்டை விளையாட்டு மெஷின் அடிக்கடி ரீசெட் ஆகிக்கொண்டிருந்தது. முன்னவர்கள் வரும்போதெல்லாம் பவர் சப்ளையில் இருக்கிற சின்னத் திருகைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் போவார்கள். இரண்டு வாரம் ஓடும், மறுபடி ரீசெட். அந்தப் பெண் சப்ளையில் அளந்தார், 5.4 வோல்ட். பிறகு போர்டின் விளிம்பில், ஜாமா கனெக்டர் செருகுகிற இடத்திலேயே, கேம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்தார், 4.7. அந்தக் காலத்து டி.டி.எல். சிப்புகளுக்கு 4.75-லிருந்து 5.25 வரைதான் கணக்கு. நடுவில் எங்கோ 0.7 வோல்ட் தொலைந்து போகிறது. தொலைகிற வோல்டேஜ் சூடாகத்தானே மாறும்? கனெக்டரைக் கழற்றிக் காட்டினார். ஜாமா என்பது 1985-லிருந்து இருக்கிற வயரிங் முறை, பக்கத்துக்கு 28 வீதம் 56 பின். அதில் 5 வோல்ட் வருகிற மூன்றாம், நான்காம் பின்கள் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. முன்னவர்கள் திருகை ஏற்ற ஏற்ற அந்த இடம் இன்னும் சூடாகியிருக்கிறது. கனெக்டரையே மாற்றி, போர்டு விளிம்பை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, திருகை இறக்கி, போர்டில் 5.0 வரும்படி வைத்தார். அதற்கப்புறம் அந்த மெஷின் ஒரு முறைகூட ரீசெட் ஆகவில்லை.

போர்டுகளில் இருக்கிற பேட்டரியைப் பற்றி எங்களிடம் கேட்டவர்களும் இவர்கள்தான். நியோ ஜியோ எம்.வி.எஸ். மாதிரியான போர்டுகளில் இருக்கிற நிக்கல் காட்மியம் பேட்டரி வயதானால் கசியும், கசிந்தது போர்டின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். கேப்காமின் சி.பி.எஸ். 2 போர்டில் சங்கதி வேறு. அங்கே பேட்டரிதான் விளையாட்டின் பூட்டைத் திறக்கிற சாவியைக் காத்து வைக்கிறது. பேட்டரி செத்தால் விளையாட்டும் சேர்ந்து செத்துவிடும். எங்களிடம் இருந்த இரண்டு வகையையும் பார்த்து, கசியத் தொடங்கியிருந்ததை எடுத்து வினிகர் கலந்த நீரால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவைத்தார்கள். மற்றதில் பேட்டரியை மாற்றி, மாற்றிய தேதியை போர்டின் மேல் எழுதி ஒட்டினார்கள். யாரும் கேட்காமலே செய்த வேலை இது.

பட்டன், ஜாய்ஸ்டிக் வேலையெல்லாம் யார் வந்தாலும் செய்வார்கள், இவர்களும் செய்தார்கள். தேய்ந்த மைக்ரோ சுவிட்சை மாற்றினார்கள், கார் ரேஸ் ஸ்டீயரிங்கின் பொட்டென்ஷியோ மீட்டரை மாற்றினார்கள், கார் தானாக வலது பக்கம் இழுப்பது நின்றது. காசு வாங்கிக்கு எண்ணெய் விட வேண்டாம் என்று எங்கள் பையனைத் தடுத்தது நல்ல வேலை. எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும், காசு மெதுவாக உருளும், மெஷின் அதைச் செல்லாக்காசு என்று துப்பும். உலர்ந்த பிரஷ் போதும். காசுப் பகுதியை முதலில் பார்ப்பது இந்தத் தொழில் பிறந்தபோதே வந்த பழக்கம்தான். 1972-ல் அட்டாரியின் முதல் பாங் மெஷினை கலிஃபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்தார்கள். மெஷின் நின்றுவிட்டது என்று அழைப்பு வர, அதை வடிவமைத்த ஆல் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் காசு நிரம்பி வழிந்திருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். கூப்பிட்ட அன்றே வரமாட்டார்கள். மானிட்டர் போர்டை எடுத்துக்கொண்டு போனால் எல்லா எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரையும் மாற்றி, நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். அதுவரை உங்கள் கூடத்தில் ஒரு மெஷின் இருட்டாக நிற்கும். உள்ளே கம்ப்யூட்டர் வைத்து ஓடுகிற புது மெஷின்களில் இவர்கள் கை அவ்வளவு ஓடுவதில்லை. ஃபேன், தூசி, பவர் சப்ளை வரை நன்றாகவே பார்க்கிறார்கள். சாஃப்ட்வேர் மக்கர் பண்ணினால் வேறு ஆளைப் பாருங்கள் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர்களிடம் மெஷினைக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம், இருந்தாலும் இரண்டு இடத்தில் ஒப்பந்தம் போடுவது தலைவலிதான். அவர்கள் எழுதித் தருகிற அறிக்கையின் கையெழுத்தும் படிக்கக் கஷ்டம். எண்களை மட்டுமாவது அச்சில் தந்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் ஆட்களுக்கு அவர்கள் வகுத்துக் கொடுத்த எல்லை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளியே துடைப்பது, காசுப் பெட்டியைக் காலி செய்வது, ஒட்டிக்கொண்ட பட்டனைக் குறித்து வைப்பது, பின்பக்கக் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்வது, இவையெல்லாம் எங்கள் வேலை. துணியில்தான் திரவத்தை எடுக்க வேண்டும், மெஷின் மேல் நேராக அடிக்கக் கூடாது. ஃப்யூஸ் போனால், பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற அதே ஆம்பியர், அதே வகை ஃப்யூஸை ஒரு முறை மாற்றலாம். மறுபடி போனால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அவர்களைக் கூப்பிட வேண்டும். மானிட்டர் பக்கமும் பவர் சப்ளையின் தகர மூடிப் பக்கமும் யாரும் போகக் கூடாது. அந்த மூடிக்குள் இருக்கிற கெபாசிட்டரில் ஓடும்போது 325 வோல்ட் நிற்கும் என்பதைப் பையன்களிடம் நானே சொல்லிவிட்டேன். டியூப் மெஷினை நகர்த்துவது என்றால் இரண்டு பேர் வேண்டும். எடை முழுக்க மேலே இருப்பதால் தனியாகச் சாய்த்தால் ஆள் மேலேயே வந்து விழும்.

ஒப்பந்தத்தை இந்த வருடமும் நீட்டித்திருக்கிறேன். நீங்கள் வேறு யாரைக் கூப்பிடுவதாக இருந்தாலும், அவர்கள் வேலை முடித்துக் கிளம்புவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எர்த் எத்தனை ஓம் காட்டியது, போர்டு விளிம்பில் 5 வோல்ட் எவ்வளவு இருந்தது. பதில் எண்ணாக வர வேண்டும். அப்புறம் நீங்களே குனிந்து பாருங்கள், கழற்றிய மூடிகள் எல்லாம் எல்லா ஸ்க்ரூவோடும் திரும்ப மாட்டியிருக்கின்றனவா என்று.