காட்டு ரேஸுக்கு கார்மின் எட்ஜ் 540: வழிகாட்டும் கருவியாக ஒரு மதிப்பீடு

சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டும் ஜிபிஎஸ் கணினியான கார்மின் எட்ஜ் 540 பற்றி இணையத்தில் கிடைக்கும் விமர்சனங்களில் பெரும்பாலானவை தார் ரோட்டில் ஓட்டுபவர்களுக்காக எழுதப்பட்டவை. மிதிக்கும் சக்தியைச் சொல்லும் வாட் கணக்கு, பயிற்சி மதிப்பெண், ஓய்வு நேரப் பரிந்துரை எல்லாம் அவற்றில் விரிவாக இருக்கும். இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு விஷயம். நூறு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் போகும் மவுண்டன் பைக் ரேஸில், வழி தவறாமல் இது நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்குமா? சேர்க்கும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே ஹேண்டில்பாரில் மாட்டினால் சேர்க்காது. செட்டிங்ஸில் நான்கைந்தை மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அதில் ஏற்றும் ரேஸ் பாதையின் கோப்பு.

முதலில் கருவி. 2023 ஏப்ரலில் வந்த மாடல். திரை 2.6 அங்குலம், எடை 80 கிராம் அளவு, பக்கங்களிலும் கீழேயும் சேர்த்து 7 பட்டன்கள். தொடுதிரை கிடையாது, அது வேண்டுமென்றால் இதே வரிசையின் 840 மாடலை வாங்க வேண்டும். காட்டு ரேஸுக்கு பட்டன் மட்டும் இருப்பது குறையே இல்லை. மழைத்துளி, சேறு, நனைந்த கையுறை இவற்றில் எதுவும் பட்டனைக் குழப்பாது. குலுங்கும் பாதையில் கட்டை விரலால் தடவியே திரைப் பக்கத்தை மாற்றிவிடலாம். பட்டனால் கஷ்டப்படுவது ஒரே ஒரு வேலைக்குத்தான்: வரைபடத்தை நகர்த்தி முன்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது. மெனுவுக்குள் போய், திசை திசையாக அழுத்தி நகர்த்த வேண்டும். ரேஸ் நடுவில் அதற்குப் பொறுமை இருக்காது. பாதையை முந்தின நாளே கணினியில் முழுக்கப் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொள்வதுதான் வழி.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் இந்தக் கருவியின் பெரிய பலம் இரட்டை அலைவரிசை. பழைய கருவிகள் எல்1 எனப்படும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை மட்டும் வாங்கும். 540 அதோடு எல்5, அதாவது 1176.45 மெகாஹெர்ட்ஸையும் வாங்குகிறது. மரத்திலும் பாறையிலும் பட்டுத் தெறித்து, சற்றுத் தாமதமாக வந்து சேரும் சிக்னல்தான் காட்டில் இடத்தைத் தவறாகக் காட்டுகிறது. நேராக வந்ததையும் தெறித்து வந்ததையும் பிரித்தறிய எல்5-இன் அமைப்பு வசதியானது. செட்டிங்ஸில் சேட்டிலைட் பகுதியில் இதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் ஒற்றையடிப் பாதையிலும் தடம் அதிகம் அலைபாயாது. மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது சிக்னல் இன்னும் பலவீனமாகும். வித்தியாசம் அப்போது தெளிவாகத் தெரியும். கிளம்புவதற்கு முன் திறந்த வெளியில் ஐந்து நிமிடம் கருவியை ஆன் செய்து வைத்துவிட்டு அதன் பிறகு காட்டுக்குள் நுழைவது நல்லது.

இவ்வளவு இருந்தும் எந்த ஜிபிஎஸ்ஸும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. பாதை கவடு விட்டுப் பிரியும் இடம். மண்ரோட்டு இறக்கத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்கிறீர்கள். முன்னால் பாதை இரண்டாகிறது. இரண்டுக்கும் இடையே கோணம் 10 பாகைதான். வலப்பக்கம் போக வேண்டியவர் இடப்பக்கம் போய்விட்டார். 50 மீட்டர் போன பிறகும் சரியான பாதைக்கும் அவருக்கும் இடைவெளி 9 மீட்டரைத் தொடவில்லை. கருவியின் பிழை 5 மீட்டர், கோப்பில் உள்ள கோட்டின் பிழை இன்னொரு 5 மீட்டர் என்றால், திரையில் அம்புக்குறி கோட்டின் மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘பாதையை விட்டு விலகிவிட்டீர்கள்’ என்ற எச்சரிக்கை ஒலிப்பதற்குள் கணிசமான தூரம் கீழே இறங்கியாகிவிடும். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏற வேண்டும். இது கருவியின் கோளாறு என்று சொல்ல முடியாது. அளவீட்டின் எல்லை அவ்வளவுதான். அதனால் பிரிவுக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட வேண்டும். வரைபடத்தின் அளவை (ஜூம்) தானாக மாற விடாமல், 80 மீட்டரிலோ 50 மீட்டரிலோ நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். 200, 300 மீட்டர் அளவில் இரண்டு கிளைகளும் ஒரே கோடாகத் தெரியும்.

அடுத்து மாற்ற வேண்டியது ரீகால்குலேஷன், அதாவது விலகினால் வழியைத் திரும்பக் கணக்கிடுவது. ரூட்டிங் பகுதியில் ‘தானாக’, ‘கேட்டு’, ‘வேண்டாம்’ என்று மூன்று வகை இருக்கும். ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறெதுவும் ரேஸுக்கு உதவாது. தானாக என்று விட்டுவைத்தால், ஓரிடத்தில் விலகியதும் கருவி தன் வரைபடத்தில் இருக்கும் ஏதோ ஒரு பாதை வழியாகப் புது வழி போடப் பார்க்கும். திரும்பிப் போய் விட்ட இடத்தில் சேர வேண்டியவரை ரேஸ் பாதையிலேயே இல்லாத ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு செக்பாயிண்ட் தவறினாலே தகுதி போய்விடும். அதேபோல் கோர்ஸ் (கருவியில் ஏற்றிய பாதை) செட்டிங்கில் ‘டர்ன் கைடன்ஸ்’ என்பதையும் அணைத்துவிடுங்கள். காட்டுப் பாதை வளைந்து வளைந்து போகும் இடங்களில் கருவி தானே கண்டுபிடித்துச் சொல்லும் திருப்பங்கள் வெறும் இரைச்சல். பத்து முறை தேவையில்லாமல் பீப் அடித்தால் பதினோராவது முறை யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். ‘ஆஃப் கோர்ஸ்’ எச்சரிக்கை மட்டும் கட்டாயம் இருக்கட்டும்.

அப்படியென்றால் திருப்பங்களை யார் சொல்வது? கோப்பில் நீங்களே வைக்கும் குறிப்புகள். அமைப்பாளர்கள் தரும் ஜிபிஎக்ஸ் கோப்பை (பாதையைப் புள்ளிகளாகச் சேமிக்கும் வகை) பாதையைத் திருத்த உதவும் ஒரு ரூட் பிளானரில் திறந்து, குழப்பமான பிரிவுகளில் மட்டும் கோர்ஸ் பாயிண்ட் எனப்படும் குறிப்பை வைத்து, குறிப்புகளையும் தாங்கும் ஃபிட் அல்லது டிசிஎக்ஸ் வகைக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜிபிஎக்ஸில் தடம் மட்டும்தான் கருவிக்குப் போய்ச் சேரும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. டிசிஎக்ஸில் ஒரு குறிப்பின் பெயர் 10 எழுத்துக்கு மேல் போகக்கூடாது. திசையையும் அடையாளத்தையும் மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். குறிப்பைப் பிரிவின் மேலேயே வைக்காமல், இறக்கத்தில் 80 முதல் 100 மீட்டர் முன்னாலும் ஏற்றத்தில் 20 மீட்டர் முன்னாலும் வைப்பது நல்லது. 30 கிலோமீட்டர் வேகத்தில் 80 மீட்டர் என்பது பத்து நொடிக்கும் குறைவு. திரையைப் பார்க்க, பிரேக் பிடிக்க, பாதையைக் கண்டுகொள்ள அவ்வளவு நேரமாவது வேண்டும்.

கோப்பின் தரத்தைச் சோதிக்காமல் யாரும் ரேஸுக்குப் போகக்கூடாது என்பதே எங்கள் உறுதியான கருத்து. முதலில் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். பழைய கருவிகளை மனத்தில் வைத்து 500 புள்ளிகளாகச் சுருக்கிய கோப்புகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 120 கிலோமீட்டர் பாதைக்கு 500 புள்ளி என்றால் 240 மீட்டருக்கு ஒன்று. கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் நேர்கோடாகிவிடும். வளைவுக்கு நடுவில் சரியாகப் போய்க்கொண்டிருப்பவரையும் கருவி ‘விலகிவிட்டீர்கள்’ என்று மிரட்டும். 10 முதல் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி இருக்க வேண்டும். அதாவது 6,000 முதல் 12,000 வரை. இரண்டாவதாக, செயற்கைக்கோள் படத்தின் மேல் கோட்டைப் போட்டுப் பார்த்தால் அது ஓட்டிப் பதிவு செய்ததா, கையால் வரைந்ததா என்று தெரிந்துவிடும். மரங்களுக்கு நடுவே ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேர்கோடுகள் இருந்தால் அந்தப் பகுதியில் கோட்டை நம்பாமல் தரையில் உள்ள அடையாளங்களை நம்ப வேண்டும். மூன்றாவது, உயரத் தகவல். அது கோப்பில் இல்லாவிட்டால் கிளைம்ப்புரோ பக்கத்தில் ஏற்றங்கள் சரியாக வராது. அடுத்த ஏற்றம் எவ்வளவு நீளம், இன்னும் எத்தனை மீட்டர் பாக்கி என்று காட்டும் அந்தப் பக்கம் நீண்ட ரேஸில் மிக உபயோகமானது. வழி கண்டுபிடிக்கவும் அது உதவும்: ஏற்றம் தொடங்க வேண்டிய இடத்தில் பாதை இறங்கினால் அப்போதே சந்தேகப்படலாம்.

கேபிளால் ஏற்றும்போது கார்மின் ஃபோல்டருக்குள் நியூஃபைல்ஸ் என்ற இடத்தில் போட வேண்டும். கேபிளைக் கழற்றியதும் கருவி அதைத் தன் வடிவத்துக்கு மாற்றி கோர்ஸ் பட்டியலில் சேர்க்கும். பட்டியலில் வரவில்லை என்றால் கோப்பில் பிழை. கடைசி நேரத்தில் மரம் விழுந்தோ பாதை மாறியோ புதுக் கோப்பு வந்தால், பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் விடியற்காலை இருட்டில் தவறானதைத் திறப்பது மிகச் சுலபம்.

பாதை தன்னையே குறுக்கே வெட்டும் இடங்களும், ஒரே பாதையில் போய் அதே வழியில் திரும்பும் பகுதிகளும் 540-ஐத் தடுமாற வைக்கலாம். எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று தெரியாமல் நடுப்பகுதியைத் தாண்டிக் குதித்துவிடும். தொடக்கமும் முடிவும் ஒரே இடத்தில் இருந்தால் கிளம்பும்போதே ‘கோர்ஸ் முடிந்தது’ என்றும் சொல்லக்கூடும். வெட்டும் இடத்திலோ செக்பாயிண்டிலோ கோப்பை இரண்டு மூன்று துண்டாக்கி, 1, 2, 3 என்று பெயரிட்டால் இந்தத் தொல்லை போய்விடும். முழுப் பாதையையும் தனிக் கோப்பாக ஏற்றி, ‘எப்போதும் காட்டு’ என்று வேறு நிறத்தில் வைத்துவிடுங்கள். துண்டுகளை மாற்றும் நேரத்திலும் கோடு திரையில் இருக்கும்.

தூரக் கணக்கைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. 43.2-ஆவது கிலோமீட்டரில் இடது என்று அமைப்பாளர் தரும் ரூட் ஷீட் (திருப்பங்களின் தூரப் பட்டியல்) சொன்னால், உங்கள் 43.2-உம் அமைப்பாளரின் 43.2-உம் ஒன்றாக இருக்க வேண்டும். நெளிந்து போகும் ஒற்றையடிப் பாதையில் ஜிபிஎஸ் மட்டும் வைத்து அளந்தால் வளைவுகளைக் குறுக்கே வெட்டித் தூரம் குறைவாக வரும். சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் மாட்டி, சுற்றுகளை எண்ணும் ஸ்பீடு சென்சார் அவசியம். சக்கரச் சுற்றளவைத் தானாகக் கணக்கிட விடாமல் அளந்து போடுங்கள். ரேஸுக்கு வைக்கும் அதே காற்றழுத்தத்தில், சைக்கிள் மேல் ஆள் உட்கார்ந்தபடி மூன்று சுற்று உருட்டி, தரையில் அளந்து, மூன்றால் வகுக்க வேண்டும். 29 அங்குலச் சக்கரத்துக்குச் சுமார் 2,300 மில்லிமீட்டர் வரும். இதில் 20 மில்லிமீட்டர் பிழைத்தால் 120 கிலோமீட்டர் முடியும்போது ஒரு கிலோமீட்டர் வித்தியாசம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிறிது நழுவும் என்பதால் ஒவ்வொரு செக்பாயிண்டிலும் தூரத்தைப் புதிதாக எண்ணத் தொடங்கும் லேப் பட்டனை அழுத்தி, ‘லேப் தூரம்’ என்ற எண்ணையே ரூட் ஷீட்டோடு ஒப்பிடுங்கள். பிழை அதற்கு மேல் சேராது.

பேட்டரி: கடுமையான உபயோகத்தில் 26 மணி நேரம், சேமிப்பு முறையில் 42 மணி நேரம் என்கிறது கார்மின். 42 என்ற எண்ணைக் காட்டு ரேஸுக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். சேமிப்பு முறையில் வரைபடத்தை மறைத்துவைத்து, திருப்பக் குறிப்பு வரும்போது மட்டும் காட்டும் வசதிதான் மிச்சப்படுத்துவதில் முக்கியமான ஒன்று. நமக்கு வேண்டியதே வரைபடம். இரட்டை அலைவரிசை, இரவில் திரை விளக்கு, குளிர் மூன்றும் சேர்ந்தால் 26-உம் குறையும். இந்தத் திரை வெளிச்சம் பட்டால் தெளிவாகத் தெரியும் வகை. பகலில் விளக்கு தேவையில்லை. இரவில் ஹெல்மெட் விளக்கின் ஒளியிலேயே படிக்கலாம். ஒரு இரவைத் தாண்டும் ரேஸ் என்றால் சின்ன பவர் பேங்க் போதும். யூஎஸ்பி-சி துளை அடியில் இருக்கிறது. மழையில் கேபிளைச் செருகியபடி ஓட்ட வேண்டாம். செருகும் முன் துளையில் ஈரமோ சேறோ இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவியைப் பொருத்தும் மவுண்ட் விஷயத்தில் சாலைப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வகை, கீழே விழுந்தால் முதல் அடியை வாங்கும். ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் ஸ்டெம்முக்கு மேல் உட்காரும் வகை நல்லது. பாரின் விட்டம் 31.8 மில்லிமீட்டரா 35-ஆ என்று பார்த்து வாங்குங்கள். கூடவே வரும் கயிற்றைக் கட்டாயம் கட்டுங்கள். புதருக்குள் தெறித்த கருவியைத் தேடுவது பெரிய நேரச் செலவு.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் தரையில் உள்ள அம்புக்குறிக்குத்தான் முதல் மரியாதை. சர்வதேச சைக்கிள் கூட்டமைப்பான யூசிஐயின் விதிப்படி ஒவ்வொரு சந்திப்புக்கும் 10 மீட்டர் முன்னால் ஒன்று, சந்திப்பில் ஒன்று, தாண்டி 10 மீட்டரில் உறுதிப்படுத்த ஒன்று என்று மூன்று அம்புகள் வைப்பார்கள். தவறான பாதையில் பெருக்கல் குறி இருக்கும். அந்த விதியைப் பின்பற்றும் ரேஸில் மூன்றாவது அம்பைக் காணவில்லை என்றால் நின்றுவிட வேண்டும். திரையைப் பார்த்தபடியே மேலே போகக்கூடாது. நின்ற இடத்தில் வரைபடம் சுழன்று குழப்பினால், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பத்தடி நடந்தால் திசை சரியாகும். அம்பே இல்லாமல் தடத்தை மட்டும் நம்பி ஓடும் ரேஸ்களுக்கு, விமானப் பயன்முறையில் போட்ட போனில் இணையம் இல்லாமலே வரைபடம் காட்டும் ஆஸ்மேண்ட் செயலியும் அதே கோப்பும், உறையில் போட்ட 1:25,000 காகித வரைபடமும் பையில் இருக்கட்டும். அந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டர்.

இதற்கு முந்தைய 530-ஐ வைத்திருப்பவர்கள் மாற வேண்டுமா? அதிலும் இதே பட்டன்கள், இதே கோர்ஸ் வசதிகள். இரட்டை அலைவரிசை இல்லை, பேட்டரி 20 மணி நேரம், மைக்ரோ யூஎஸ்பி. எட்டு பத்து மணி நேரத்தில் முடியும், அம்புக்குறி போட்ட ரேஸ்களுக்கு அதுவே போதும். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம். 2025-இல் வந்த 550-இன் திரை கூர்மையானது, ஆனால் கடுமையான உபயோகத்தில் கார்மின் சொல்லும் பேட்டரி நேரம் 12 மணிதான். இரவைத் தாண்டி ஓடுபவர்களுக்கு 540 இன்னும் பொருத்தமானது. சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் 540 சோலார் மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மர நிழலில் அதற்கு வெயில் கிடைக்காது.