உப்புக்காற்றில் எந்தக் குசினி நிற்கும்? எம்.டி.எஃப், அலுமினியம், சீமெந்து

குசினியைத் திருத்தப் போகிறோம் என்றதும் எல்லாரும் முதலில் என்ன நிறம் என்றுதான் கேட்கிறார்கள். கதவுக்குப் பின்னால் இருக்கிற பெட்டி எதில் செய்தது என்று கேட்பவர் குறைவு. எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கிற ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. யன்னல் கொக்கி முதல் வாளிக் கைபிடி வரை இரும்பு எதுவானாலும் இங்கே துருப்பிடிக்கும். இந்த இடத்துக்கு எது சரி என்று ஐந்து மாதமாக அலசினோம். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்க் கதவைத் திறந்து, குனிந்து, அடித்தட்டைத் தடவிப் பார்த்துத்தான் முடிவெடுத்தோம்.

முதலில் எம்.டி.எஃப் பேன்ட்ரி, அதாவது அந்தப் பலகையில் செய்து பூட்டுகிற குசினி அலுமாரிகள். பார்வைக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். கல்முனையில் தங்கை வீட்டில் பூட்டிய முதல் வருடம், பார்த்தவர்கள் எல்லாரும் அதே மாதிரி வேண்டும் என்றார்கள். மூன்றாவது மாரி முடிந்து நான் போனபோது சிங்குக்குக் கீழே உள்ள கதவைத் திறந்தேன். பைப் பொருத்தில் சின்னக் கசிவு, நாளுக்கு நாலு சொட்டு இருக்கும். அடிப்பலகையின் ஓரம் தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி ஊதி, மேலே ஒட்டிய தாள் உரிந்து தொங்கியது. கீலில் இருந்த ஸ்குரூ ஆணியை விரலால் திருகினேன், தூளோடு சேர்ந்து கையில் வந்தது. எம்.டி.எஃப் என்பது மரநாரைப் பசையோடு சேர்த்து அழுத்திய பலகை. தாள் ஒட்டிய முகப்பில் தண்ணீர் லேசில் இறங்காது, ஆனால் வெட்டிய ஓரமும் ஆணித் துளையும் தண்ணீரைக் குடிக்கும், ஒருமுறை ஊதினால் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. ஈரம் தாங்கும் பலகை என்று நடுவில் பச்சை நிறம் உள்ள ஒன்றைக் காட்டுவார்கள். அது சாதாரணப் பலகையை விட நல்லதுதான், ஆனால் அந்தப் பச்சை வெறும் சாயம், ஈரம் தாங்குவது பசையால். தண்ணீரில் நிற்க அதாலும் முடியாது. 2011 ஜனவரி வெள்ளத்தைக் கண்ட ஊர்களில் முழங்கால் அளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அலுமினியம் ஊதாது, கறையான் தொடாது. அக்கரைப்பற்றில் அண்ணன் வீட்டில் சட்டம், கதவு எல்லாமே அலுமினியம்தான், கழுவித் துடைத்தால் புதுசு போல இருக்கிறது. குறை வேறு இடத்தில் இருக்கிறது. சட்டங்கள் உள்ளே குழாய் மாதிரி வெற்றிடம், முனையை மூடாமல் விட்டால் கரப்பான் அங்கேதான் குடியிருக்கும். ஈரச் சீமெந்து அலுமினியத்தை அரிக்கும் என்பதால் சட்டத்தின் அடிக்கால் நேரே தரையில் பதியக் கூடாது, பிளாஸ்டிக் கால் வைக்க வேண்டும். கதவுக்குப் போடும் காம்பசிட் தகட்டில் இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே இருப்பது பிளாஸ்டிக், அதனால் கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் அது வேண்டாம். அப்புறம் கதவு சாத்தும்போது வருகிற அந்தத் தகரச் சத்தம். அண்ணிக்குப் பழகிவிட்டது, எனக்குப் பழகாது.

சீமெந்துத் தட்டு பழைய முறை. எங்கள் அம்மம்மா வீட்டில் இருந்ததும் அதுதான், இன்னும் நிற்கிறது. வெள்ளம் வந்தால் கழுவிவிடலாம், உரலில் இடிக்கிற இடியையும் தாங்கும். ஆனால் இடத்தைத் தின்னும்: 10 அடி நீளத்தில் 4 அங்குலக் கல்லால் மூன்று தடுப்பு வைத்தால் ஒரு அடி போய்விடும். மெல்லிய கம்பி வலை வைத்து 2 அங்குலத் தட்டாக வார்த்தால் அதில் பாதி மிஞ்சும். மணலிலும் தண்ணீரிலும் கவனம் தேவை, ஏனென்றால் கடல் மணலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, தட்டு அடியில் பொரிந்து கொட்டும். ஆற்று மணலும் குழாய்த் தண்ணீரும் என்று முதலே பேசிவிடுங்கள். வேலை பார்க்க வந்த மேசன் அண்ணன் சொன்ன எச்சரிக்கையும் சரியானது: "தங்கச்சி, இதை ஒருக்காக் கட்டினா மறுகா அசைக்க ஏலாது, இப்பவே யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தோம். கீழே சீமெந்து, அதற்கு அலுமினியக் கதவு, சத்தத்துக்கு ஓரத்தில் ரப்பர். மேலே, சிங்கை விட்டுத் தள்ளிய சுவரில் மட்டும் எம்.டி.எஃப் அலுமாரி இரண்டு, ஏனென்றால் கண்ணில் படுவது அதுதான், தண்ணீர் படாத இடமும் அதுதான். மிச்சப்பட்ட காசைக் கீலுக்குப் போட்டோம். சாதாரண இரும்புக் கீல் கடற்கரையில் நிற்காது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 என்ற தரத்தை விட 316 என்ற தரம் உப்பைத் தாங்கும், அதில் மொலிப்டினம் என்ற உலோகம் கலந்திருக்கிறது.

மேற்பரப்புக்கு டைல்ஸா கிரனைட்டா என்ற சண்டை சீக்கிரம் முடிந்தது. டைல்ஸ் இடைவெளியில் மஞ்சள் ஏறினால் போகாது, தினமும் மீன் ஆணம் வைக்கிற வீட்டில் அது பெரிய தொல்லை. கிரனைட் சூட்டுச் சட்டியை நேரே வைத்தாலும் தாங்கும். குவார்ட்ஸ் என்று விற்கிற செயற்கைக் கல் அழகுதான், ஆனால் அதில் பிசின் இருப்பதால் சூட்டில் கறுக்கும். மார்பிள் வேண்டவே வேண்டாம், தேசிக்காயும் புளியும் பட்ட இடமெல்லாம் மங்கிப் போகும். ஒரு விசயம் மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை: மேற்பரப்பின் ஓரத்தில் பூட்டுகிற தேங்காய்த் துருவி இருந்தால் அதைக் கிரனைட் வெட்டுபவரிடம் கொண்டு போங்கள். ஓரத்தை இரட்டைக் கல்லாகத் தடித்துச் செய்தால் துருவியின் வாய் அதற்குள் போகாது. நாங்கள் ஒரு பக்கம் ஒற்றைக் கல்லாக, இரண்டு அங்குலம் வெளியே நீட்டி விட்டோம்.

அடுப்பு உள்ளேயா, பின்னாலேயா? இரண்டும். ஹோலோடு சேர்ந்த திறந்த குசினி அழகுதான், ஆனால் மீன் பொரித்த மணம் மெத்தை வரை போகும். 2022ல் கேஸ் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில் சோறு தந்தது பின்பக்கத்து விறகடுப்புதான், அதை இடிக்க அம்மா விடவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் கூரைக்கு மட்டும் புதுத் தகடு. உள்ளே கேஸ் அடுப்பு, சிலிண்டர் நிற்கிற இடத்தில் தரையோடு ஒட்டிக் காற்றுத் துளை வைத்தோம். கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் கீழேதான் தேங்கும். அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றும் ஒன்றுக்கொன்று 4 அடிக்குக் குறையாமல் 9 அடிக்கு மேற்படாமல் இருந்தால் நடை மிச்சம்.

மேற்பரப்பின் உயரத்தில்தான் கடைசி வரை இழுபறி. கடைகளில் செய்து வருவது பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம். மேசன் அண்ணன் 36 என்று நூல் பிடித்துவிட்டார். அம்மாவைச் சுவரோடு நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கையில் இருந்து 5 அங்குலம் கீழே பென்சிலால் கோடு போட்டேன், தரையில் இருந்து 32 வந்தது. அம்மா அந்தக் கோட்டில் கையை வைத்து வெங்காயம் வெட்டுவது போல இரண்டு தரம் அசைத்துப் பார்த்து, "இது காணும்" என்றார். நூலை அவிழ்த்து 32ல் கட்டினோம்.